தோட்டத்த விட்டு வேகமா, வடிகால்ல மெதுவா: எங்க பள்ளத்த மாத்தி வெட்டுன அனுபவம்

ஐப்பசி மழைல எங்க பக்கத்துப் பள்ளத்துல, அதாவது ஓடைல, போற தண்ணி டீ கலர்ல போகும், நல்ல மழைன்னா செங்கல் கலர். சின்ன வயசுலருந்து பாத்துப் பழகுனதால யாருக்கும் அது ஒரு விசயமாவே தெரியறதில்ல, செம்மண் பூமி அப்புடித்தான் போகும்னு சொல்லீட்டு வேலையப் பாக்கப் போயிருவாங்க. ஆனா அந்தக் கலருக்கு ஒரு வெல இருக்குதுங்க. ஒரு ஏக்கர்ல மேல் மண்ணு வெறும் 1 மில்லிமீட்டர் கரைஞ்சு போச்சுன்னா அது 4 கன மீட்டர், எடைல 5 டன்னுக்கு மேல, கிட்டத்தட்ட ரெண்டு டிராக்டர் டிப்பர் மண்ணு. கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது, தோட்டம் நேத்து இருந்த மாதிரியே இருக்கும். அதுலயும் மணலு, கல்லு எல்லாம் அங்கயே தங்கிரும், ஓடிப் போறது மெல்லிசான களியும் வண்டலும்தான், நாம போட்ட டிஏபி உரத்துல இருக்கற மணிச்சத்து (பாஸ்பரஸ்) ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கறதும் அதுலதான். டிஏபி மூட்டை 1,350 ரூபா, 50 கிலோ மூட்டைல மணிச்சத்து 23 கிலோ. அதுல ஒரு பங்கு பவானி ஆத்துக்குப் போய்ச் சேருது.

எங்க தோட்டம் கவுந்தப்பாடிப் பக்கம், கீழ்பவானிப் பாசனம். மஞ்சளு, கரும்பு, கொஞ்சம் வாழை, கிணத்து மேட்டுல தென்னை. கீழ்பவானி வாய்க்கா மேட்டுலயே 200 கிலோமீட்டர் ஓடுற மண் வாய்க்கா, 2,07,000 ஏக்கர் பாயுது, அந்த ஆயக்கட்டுல பாதிக்கு ஆவணிலருந்து கார்த்திகை வரைக்கும் நஞ்சை முறை, மீதிக்கு அதுக்கப்புறம் புஞ்சை முறை. மண் வாய்க்காங்கறதால கசிவு எறங்கிக்கிட்டே இருக்கும், எங்கூர்க் கிணறுங்க பொழைக்கறதே அந்தக் கசிவுலதான். அந்தக் கசிவு, மழைத்தண்ணி, வயல்ல மிஞ்சி வழியற தண்ணி எல்லாஞ் சேந்து ஓடற எடந்தான் பள்ளம். ஒருத்தரோட வடிகாலு அடுத்தவருக்கு வாய்க்கா, கீழ தடுப்பணை போட்டு அதே தண்ணியப் பாய்ச்சறாங்க. மிச்சம் பவானில விழுந்து, அது காவேரில சேர்ற கூடுதுறைக்கு முன்னாடி காலிங்கராயன் அணைக்கட்டுல மறுபடியும் வாய்க்கால்ல திரும்புது. அதனால நம்ம யூரியா எங்கயோ கடல்லதான் போய்ச் சேருதுன்னு நெனைக்க வேண்டாம், அடுத்த ஊர்க்காரரு அதத்தான் பாய்ச்சீட்டு இருக்காரு.

மஞ்சக்காரங்களுக்கு ஒண்ணு நல்லாத் தெரியும், பாருக்குள்ள (செடி வெக்கற மேட்டு வரிசை) தண்ணி நின்னா கெழங்கு அழுகல் வந்துரும், ஒரு மழைல மொத்த முட்டுவழியும், போட்ட காசு பூராவும், போயிரும். அந்தப் பயத்துலதான் எல்லாரும் வடிகால நேரா, ஆழமா, மொட்டையா வெட்டி வெச்சுக்கறாங்க. தண்ணி சர்ருன்னு போனாச் சரிங்கற கணக்கு. பயம் நாயமானதுதான், நான் இல்லைங்கல. ஆனா இதுல ரெண்டு வேலைய ஒண்ணாப் போட்டுக் கொழப்பிக்கறோம். தண்ணி தோட்டத்த விட்டு வேகமாப் போகோணும், வடிகாலுக்குள்ள வந்ததுக்கப்புறம் மெதுவாப் போகோணும். இது ரெண்டும் ஒரே வேல இல்லீங்க. நான் இதுல கத்துக்கிட்டது எல்லாமே இந்த ஒரு விசயந்தான், மத்ததெல்லாம் மம்முட்டி வேல.

மொதல்ல போறது என்னன்னு தெரிஞ்சுக்கோணும், ஏன்னா மணிச்சத்தும் தழைச்சத்தும் (நைட்ரஜன்) போற விதமே வேற. மணிச்சத்து பெரும்பாலும் மண்ணோட ஒட்டிக்கிட்டுப் போகும், அப்ப மண்ண நிறுத்துனா அதுவும் நின்னுரும். தழைச்சத்து நைட்ரேட்டா மாறி தண்ணில கரைஞ்சு போகும், தெளிஞ்ச தண்ணியா இருந்தாலும் அதுக்குள்ள இருக்கும், கண்ணுல தெரியாது, குழி வெட்டி வெச்செல்லாம் அத நிறுத்த முடியாது. வண்டல் குழி வெட்டீட்டேன் உரம் போறது நின்னு போச்சுன்னு சொல்றவங்க பாதிதான் சொல்றாங்க.

மண்ணு படியறதுக்கு எவ்வளவு நேரமாகும்னும் ஒரு கணக்கு இருக்குது. அசையாத தண்ணில ஒரு மீட்டர் ஆழம் எறங்க, நைசான மணலுக்கு ரெண்டு நிமிசம் போதும், வண்டலுக்கு மூணு நாலு மணி நேரம், களிக்கு நாள்க் கணக்குல ஆகும். சும்மா ஒரு குழி வெட்டுனா மணலுதான் உக்காரும், சத்து இருக்கற களி அது பாட்டுக்கு மேலயே மிதந்து போயிரும். களிய நிறுத்தறதுக்கு குழி பத்தாது, புல்லு வேணும். புல்லுக்குள்ள பூந்து போறப்ப தண்ணியோட ஆழமும் கொறையுது, வேகமும் கொறையுது, தண்டுலயும் வேர்லயும் ஒட்டிக்கிது.

இப்ப பழைய வடிகாலப் பத்திச் சொல்றேன். மேல அகலம் 4 அடி, ஆழம் 4 அடி, பக்கமெல்லாம் செங்குத்து, செவுத்துல எறங்குற மாதிரி. செம்மண்ணு காஞ்சா கல்லு மாதிரி நிக்கும், அதப் பாத்துத்தான் செங்குத்தா வெட்டுறாங்க, ஆனா ஊறிப் போச்சுன்னா அடில அரிச்சு மேல பாளம் பாளமா விழும். வருசா வருசம் கரை விழுகும், ஜேசிபிய விட்டு அள்ளுவாங்க, அள்றப்ப இன்னுங் கொஞ்சம் செங்குத்தாயிரும், மறுபடியும் விழுகும். எங்க பள்ளத்துல வந்த மண்ணுல தோட்டத்து மண்ணு எவ்வளவு, கரை இடிஞ்ச மண்ணு எவ்வளவுன்னு பாத்தா, பல எடத்துல கரை மண்ணுதான் எச்சா. தோட்டத்துக்குள்ள என்னதான் பாத்துப் பாத்துப் பண்ணுனாலும் வடிகாலே ஒரு பக்கம் மண்ண உருவி விட்டுக்கிட்டு இருந்தா என்ன பிரயோசனம்?

மொத வேலையா வாட்டம் பாத்தோம். கொத்தனாரு லெவல் பாக்கற தண்ணி டியூப் போதும், பெரிய கருவியெல்லாம் வேண்டாம், ரெண்டு ஆளு ரெண்டு குச்சி. 100 மீட்டருக்கு ஒரு மீட்டர் எறக்கம் இருந்துச்சு. பாக்கறதுக்கு சமமாத் தெரிஞ்ச எடம் அது. மொட்டைச் செம்மண் வடிகாலுக்கு இது ரொம்ப ஜாஸ்தி. மணல் கலந்த செம்மண்ணு தெளிஞ்ச தண்ணில நொடிக்கு அரை மீட்டர் வேகம் வரைக்குந்தான் தாங்கும், அதுக்கு மேல போனா அரிக்க ஆரம்பிச்சுரும், நல்லாப் புல்லு புடிச்ச வாய்க்கான்னா ஒரு மீட்டருக்கு மேலகூடத் தாங்கும். வேகம் ரெண்டு மடங்கானா தரைய இழுக்கற பலம் நாலு மடங்காகும், இது ஒண்ண மனசுல வெச்சுக்கிட்டாவே வடிகால நேரா வெட்டுற ஆசை போயிரும்.

வாட்டத்தக் கொறைக்கறதுக்கு ரெண்டு வழி, ஒண்ணு வளைச்சு வளைச்சு நீளமா கொண்டு போறது, எங்களுக்கு அதுக்கு எடமில்ல. இன்னொண்ணு படிப்படியா தடுப்பு வெச்சு எறக்கறது. எறக்கத்த எல்லாம் தடுப்புக்கிட்ட விழ வெச்சுட்டா நடுவுல தண்ணி கிட்டத்தட்ட சமதளத்துல நடக்கும்.

ரெட்டைப் படி வடிகால்னு ஒரு அமைப்பு அமெரிக்காவுல ஒஹையோ, இண்டியானா பக்கம் மக்காச்சோளக் காட்டுல பண்றாங்க. அங்க மிசிசிப்பி ஆறு கொண்டு போற உரத்துனால மெக்சிகோ வளைகுடாவுல மீனுக்கு மூச்சே இல்லாத பெரிய பரப்பு வருசா வருசம் உருவாகுது, அதனால ரொம்ப நாளா இதுல மண்டைய ஒடைச்சுட்டு இருக்காங்க. விசயம் இவ்வளவுதான், அடில ஒரு சின்ன வாய்க்கா, சாதாரண நாள்ல ஓடற தண்ணி அதுக்குள்ள அடங்கிரும். அதுக்குப் பக்கத்துல ஒரு திண்ணை மாதிரி அகலமான படி, அதுல புல்லு. பெரு மழைல தண்ணி சின்ன வாய்க்கா நெறஞ்சு திண்ணை மேல ஏறிப் பரவும், பரவுனா வேகம் கொறையும், புல்லுல வண்டல விட்டுட்டுப் போகும். அடி வாய்க்கா சின்னதா இருக்கறதால கம்மித் தண்ணிலயும் அது தன்னைத்தானே சுத்தம் பண்ணிக்கும், திட்டுத்திட்டா மண்ணு சேந்து அடைச்சுக்கறதில்ல.

அங்க ரெண்டு பக்கமும் திண்ணை விடறாங்க. நம்மூர் நெல வெலைக்கு அது ஆகற காரியமா? நான் எங்க பக்கம் மட்டும் விட்டேன். அடி அகலம் 2 அடி, ஆழம் 1 அடி, மேல வாயி 4 அடி வர்ற மாதிரி சின்ன வாய்க்கா. அதையொட்டி 4 அடி திண்ணை. திண்ணைலருந்து தோட்டத்து மட்டத்துக்கு 3 அடி உசரம், அத ஒண்ணுக்கு ஒன்றரைங்கற சாய்வுல ஏத்துனா நாலரை அடி. ஆக மொத்தம் பன்னண்டரை அடி, பழைய 4 அடி போக எட்டரை அடி எங்க நெலத்துலருந்து போச்சு. 400 அடி நீளத்துக்குக் கணக்குப் போட்டா எட்டு செண்ட்டுக்குக் கிட்ட. இத மறைச்சுப் பேசறதுல அர்த்தமில்ல, எட்டு செண்ட்டு எட்டு செண்ட்டுதான், எங்கப்பாவுக்கு இன்னும் அதுல மனக்கொறை உண்டு. ஆனா பழைய வடிகாலு வருசா வருசம் இடிச்சுத் தின்னுக்கிட்டு இருந்ததும் எங்க பொழியத்தான் (எல்லை வரப்பு), அதுக்கு யாரும் செண்ட்டுக் கணக்குப் போடல.

சாய்வு விசயத்துல மண்ணப் பாத்து முடிவு பண்ணுங்க. நல்ல களியா இருந்தா ஒண்ணுக்கு ஒண்ணுகூட நிக்கும், மணல் கலந்த மண்ணுன்னா ஒண்ணுக்கு ரெண்டு வேணும். எங்களுது நடுவுல, அடில சுக்காங்கல்லு வேற, அதனால ஒன்றரை.

வெட்டுறன்னிக்கு ஜேசிபி டிரைவர் தம்பிக்கு இது புடிக்கவே இல்ல. "நேரா வுட்டா மதியத்துக்குள்ள முடிச்சுருவேனுங்ணா, இது படிப்படியா செதுக்கோணும், நேரம் எச்சா ஆகுமுங்ணா"ன்னாரு. நெசந்தான், நேரம் எச்சாத்தான் ஆச்சு. வாடகை மணிக்கணக்குங்கறதால கயிறு கட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டு, திண்ணை மட்டத்துக்கு முளைக்குச்சி அடிச்சு ரெடி பண்ணி வெச்சுட்டுத்தான் வண்டியக் கூப்புடோணும், வண்டி வந்து நின்னதுக்கப்புறம் யோசிக்க ஆரம்பிச்சா காசு போயிரும். அக்கட்டத் தோட்டத்துப் பெரியப்பா வந்து கரை மேல நின்னு பாத்துட்டு, "ஏஞ்சாமி, பள்ளத்துக்கு எதுக்குடா திண்ணை, எவன் வந்து படுக்கப் போறான்"னு கேட்டாரு. அவுங்க பக்கத்துக் கரைய நாங்க தொடல, அது செங்குத்தாவே இருக்குது, ஓரமா வெட்டிவேர் வெச்சுக்க மட்டும் விட்டாரு. அதுவும் சித்தப்பா போய் ஒரு வார்த்தை பேசுனதுக்கப்புறந்தான். பொதுவுல பொழி விசயம் பேசறப்ப பெரியவங்கள முன்ன விட்டுப் பேசறது நல்லதுங்க, நாம போய் நைட்ரேட்டு கிய்ட்ரேட்டுன்னு பேசுனா நெலத்தப் புடிக்கப் பாக்கறான்னுதான் நெனைப்பாங்க.

தடுப்புக்கு வர்றேன். சுக்காங்கல்லும் பழைய கிணத்து மேட்டுல கெடந்த கருங்கல்லும் போட்டு, ஒவ்வொண்ணும் ஒரு அடி உசரம். எவ்வளவு தூரத்துக்கு ஒண்ணுன்னா, கீழ் தடுப்போட தலை மட்டம் மேல் தடுப்போட கால் மட்டத்துக்கு வரோணும், அவ்வளவுதான் சூத்திரம். 100 மீட்டருக்கு ஒரு மீட்டர் எறக்கம்னா ஏறக்குறைய 30 மீட்டருக்கு ஒண்ணு வரும். மூணு விசயத்துல கஞ்சத்தனம் பண்ணக் கூடாது. தடுப்போட நடுப்பகுதி ஓரத்தவிடத் தாழ்ந்து இருக்கோணும், தண்ணி நடுவுல வழியோணும். ரெண்டு ஓரமும் கரைக்குள்ள ஒன்றரை அடியாச்சும் பொதைஞ்சு இருக்கோணும், இல்லீன்னா தண்ணி சுத்திக்கிட்டுப் போய் கரைய ஒடைச்சு புதுப் பாதை போட்டுக்கும், கீழ ஒரு தோட்டத்துல அப்புடியே நடந்துச்சு, தடுப்பு நடுவுல கோயல்ல செல மாதிரி நிக்குது, தண்ணி பக்கத்துல போகுது. மூணாவது, தண்ணி விழற எடத்துல கல்லு பரப்போணும், இல்லீன்னா அங்க குழி விழுந்து தடுப்பே சாஞ்சுரும்.

மஞ்சக்காரங்க இங்க கவனிக்கோணும். தடுப்புத் தலை மட்டம் உங்க பாருக்கால் (ரெண்டு பாருக்கு நடுவுல இருக்கற பள்ளம்) அடி மட்டத்தவிட ஒரு அடியாச்சும் கீழ இருக்கோணும். அப்பத்தான் வடிகால்ல தண்ணி தங்குனாலும் தோட்டத்துக்குள்ள ஓதம் ஏறாது. இதப் பாக்காம தடுப்பு கட்டுனா அழுகல் வந்து, தடுப்பு மேல பழி போட்டு ஒடைச்சு எறிஞ்சுருவாங்க.

சரி, இத்தன வேலைலயும் பைசாவுக்குப் பலன் ஜாஸ்தி எதுன்னு கேட்டா நான் தடுப்பையும் சொல்ல மாட்டேன், திண்ணையையும் சொல்ல மாட்டேன். தோட்டத்துத் தண்ணி வடிகால்ல விழற வாய் இருக்குதுல்ல, அதத்தான் சொல்வேன். 4 அடி ஒசரத்துலருந்து தண்ணி தொபுக்குன்னு விழற எடம். மழைக்கு மழை அந்த வாய் பின்னாடி தோட்டத்துக்குள்ள ஏறி வரும், ஒரு வருசத்துல ரெண்டு மூணு பாரத் தின்னுரும். எங்க பக்கம் வரப்பெல்லாம் சுத்திப் பாத்தா பெரிய அரிப்பு எல்லாமே இந்த மாதிரி வாய்லதான் ஆரம்பிச்சிருக்கும். அங்க ஒரு 6 அங்குல பிவிசி பைப்ப வளைவு போட்டு கீழ வரைக்கும் எறக்கி, விழற எடத்துல நாலு கல்லு போட்டோம், பைப்புக்கு மேல மண்ணு போட்டு மிதிச்சு வரப்பு மாதிரி ஒசத்தியாச்சு. தண்ணிக்கு வேற வழியில்ல, பைப்புல எறங்கித்தான் ஆகோணும். பழைய போர்வெல் பைப்பு கெடந்தா அதுவே போதும். தோட்டம் பூரா எங்கெங்கயோ வழிய விடாம ரெண்டு மூணு எடத்துல மட்டும் வாய் வெச்சுக்கிட்டா பைப்புச் செலவும் கம்மி, கவனிக்கறதும் சுளுவு.

பைப்புக்கு முன்னாடி, தோட்டத்துக்குள்ளயே, வண்டல் குழி. 6 அடிக்கு 6 அடி, 3 அடி ஆழம். இத வடிகாலுக்குள்ள வெட்டாம தோட்டத்து மூலைல வெட்டுனதுக்குக் காரணம், அள்ளறது சுளுவு, அள்ளுன மண்ணு நம்ம மண்ணுதான், யாருதுன்னு சண்டையில்ல. மாசியில மஞ்ச வெட்டி முடிச்சதும் காஞ்சிருக்கும், ஆளு எறங்கி அள்ளி அதே தோட்டத்துல மேட்டுப் பக்கம் எறைச்சுருவோம். நம்ம பெரியவங்க கொளத்து வண்டல வண்டி வண்டியா அடிச்சுக் காட்டுக்குப் போட்டாங்கல்ல, அதே கணக்குதான், ஆனா கொளத்துக்குப் போறதுக்கு முன்னாடியே புடிச்சுக்கறோம். வருசா வருசம் அள்ளிருங்க. குழில வண்டல் நாளாக நாளாகக் காத்தே இல்லாத சேறாயிருச்சுன்னா, புடிச்சு வெச்சிருந்த மணிச்சத்த அதுவே மறுபடி தண்ணில விட ஆரம்பிக்கும். அள்ளாத குழி வெட்டாத குழியவிட மோசம்னுகூடச் சில சமயம் தோணும்.

புல்லு பத்திப் பேசுனா நான் நிறுத்த மாட்டேன். சாய்வு மேல கோ-4 தீவனப்புல்லும் அருகும், திண்ணை மேல தானா வந்த கோரையும் தண்ணிப்புல்லும், கரை ஓரத்துல வெட்டிவேர். வெட்டிவேர் வேரு 3 மீட்டர்கூட நேரா எறங்கும், பக்கத்துல படராது, வெள்ளாமைக்குப் போட்டி வராது. அரை அடிக்கும் கம்மியா, ஒரு சாண்ல பாதி எடைவெளி விட்டு நெருக்கமா வெக்கோணும், ஒண்ணோட ஒண்ணு சேந்து வேலி மாதிரி ஆனாத்தான் வண்டல் நிக்கும். காசு மிச்சம்னு அடிக்கு ஒண்ணு வெச்சா நடுவுல தண்ணி பூந்து ரெண்டு பக்கமும் அரிச்சுக்கிட்டுப் போகும். மைசூர் பக்கம் குண்டலுப்பேட்டைல விவசாயிங்க ரொம்ப காலமா பொழிக்கு வெட்டிவேர்தான் வெச்சிருந்தாங்க, 1980-கள்ல உலக வங்கி ஆளுங்க வந்து அதக் கண்டுக்கிட்டுத்தான் ஊரெல்லாம் பரப்புனாங்க. காங்கயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கம் கொரங்காடு (வேலி போட்ட மேய்ச்சல் காடு) வெச்சிருக்கறவங்களுக்கு கொழுக்கட்டைப்புல்லு இருக்குது, வறட்சிக்கு அத மிஞ்சுன புல்லு கெடையாது, எப்பவோ ஒருக்கா தண்ணி ஓடற காட்டு ஓடைக்கு அதுவே சரி, ஆனா எங்கள மாதிரி கசிவு ஓடிக்கிட்டே இருக்கற எடத்துக்கு அது வராது, அழுகிரும்.

புல்ல அறுத்து மாட்டுக்குப் போடறதுதான் இதுல முக்கியம். புல்லு தண்ணிலருந்து எடுத்த தழைச்சத்தும் மணிச்சத்தும் புல்லுக்குள்ளதான் இருக்குது, அத அறுத்து வெளிய எடுத்தாத்தான் கணக்குல கழியும். அப்புடியே விட்டு மக்குனா மறுபடியும் தண்ணிக்கே போயிரும். எங்க வீட்ல நாலு மாட்டுக்கு மழை மாசத்துல பாதித் தீவனம் இந்தச் சாய்வுலருந்தே வந்துருது, எட்டு செண்ட்டுக்கு அது ஒரு பதிலு. ஆனா மாட்ட அதுக்குள்ள அவுத்து விடாதீங்க. ஈரக் கரைல மாட்டுக் குளம்பு பட்டா ஒரு வாரத்துல எல்லாம் சேறாயிரும்.

சுத்தம் பண்ற காலத்தப் பத்தி யாரும் பேசறதில்ல. ஊர்ல பெரும்பாலும் புரட்டாசி கடைசில, மழை வருதுன்னு பயந்துக்கிட்டு வடிகால மொட்டையா வழிச்சு விடறாங்க. அடுத்த வாரமே அடைமழை புடிக்கும், செதுக்குன தரை அப்புடியே கரைஞ்சு போகும். வருசத்துலயே மோசமான நேரம் அதுதான். புஞ்சைத் தண்ணி நிறுத்துனதும், சித்திரைல பண்ணுங்க. அதுக்கப்புறம் கோடை மழை ரெண்டு பேஞ்சாலும் புல்லு புடிச்சுக்கும், ஐப்பசிக்குள்ள மெத்தையாயிரும். அதுவும் மொத்தத்தையும் வழிக்காதீங்க, அடி வாய்க்கா மட்டும், இல்லீன்னா இந்த வருசம் ஒரு பாதி அடுத்த வருசம் மறு பாதி. திண்ணைய நாங்க தொடறதே இல்ல. அதுல வண்டல் ஏறி ஏறி ஒசந்துட்டா அப்ப மட்டும் ஒருக்கா எறக்கோணும்.

இப்ப நைட்ரேட்டு. ஈரச் சேத்துல, காத்து இல்லாத எடத்துல, மக்குற புல்லு இருந்தா அங்கிருக்கற பாக்டீரியா நைட்ரேட்ட ஒடைச்சு நைட்ரஜன் வாயுவா ஆகாசத்துக்கு அனுப்பிரும். திண்ணைலயும் தடுப்புக்குப் பின்னாடியும் நடக்கறது அதுதான். ஆனா அதுக்கு நேரம் வேணும். கசிவு மட்டும் மெதுவா ஓடற தை மாசி மாசத்துல, வெயிலும் இருக்கறப்ப, நைட்ரேட் ஸ்ட்ரிப்ப (தண்ணில முக்குனா நைட்ரேட்டுக்குத் தக்கன கலர் மாற்ற பட்டை) வெச்சு மேலயும் கீழயும் பாத்தா கலர் வித்தியாசம் தெரியுது. பெரு மழைல பாத்தா ரெண்டும் ஒண்ணேதான், தண்ணி நிக்கவே இல்லீன்னா பாக்டீரியா என்ன பண்ணும்? மண்ணு விசயம் அப்படியில்ல. அதே மழைல மேல ஒரு பாட்டில், கீழ ஒரு பாட்டில் புடிச்சு ராத்திரி பூரா அசைக்காம வெச்சுட்டு காலைல அடில படிஞ்சதப் பாத்தா, கீழ் பாட்டில்ல படிவு பாதிக்கும் கம்மி. அதனால மண்ணுக்கும் மணிச்சத்துக்கும் வடிகாலு நல்ல வைத்தியம், தழைச்சத்துக்கு வைத்தியம் தோட்டத்துக்குள்ளதான் இருக்குது.

யூரியா மூட்டை 270 ரூபாய்க்குள்ள கெடைக்கறதால யாருக்கும் அதுமேல மரியாதை இல்ல. மேகம் கட்டுதுன்னு தெரிஞ்சா அவசர அவசரமா வீசறாங்க, மழையே பாய்ச்சிரும்ங்கற எண்ணத்துல. தூறல்னா சரி, அடிச்சு ஊத்துச்சுன்னா அந்த யூரியா தோட்டத்துல ஒரு ராத்திரிகூடத் தங்காது. 2015-லருந்து வர்றதெல்லாம் வேப்பெண்ணெ பூசுன யூரியாதான், அது நைட்ரேட்டா மாற்றதத்தான் மெதுவாக்கும், தண்ணில அடிச்சுக்கிட்டுப் போறத நிறுத்தாது. பிரிச்சுப் பிரிச்சு மாசத்துக்கு ஒருக்கா கொஞ்சங் கொஞ்சமாப் போடறது, பாருக்குள்ள மண்ணு அணைச்சுப் போடறது, போட்டு ரெண்டு மூணு நாளைக்கு கடைசி மடைய இறுக்கி அடைச்சு வெக்கறது, சொட்டுநீர் இருந்தா அது வழியாவே விடறது, இவ்வளவுதான்.

இன்னொண்ணு, கிணத்துத் தண்ணிய ஒருக்கா டெஸ்ட் பண்ணிப் பாருங்க. குடிக்கற தண்ணில நைட்ரேட்டு லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரைக்குந்தான் இருக்கலாம்னு அளவு வெச்சிருக்காங்க. அந்த அளவு உங்க கிணத்துல இருக்குதுன்னா, ஒரு ஏக்கருக்கு ஒரு அங்குலம் பாய்ச்சுனா, அதாவது ஒரு லட்சம் லிட்டர், அதுலயே ஒரு கிலோ தழைச்சத்து வந்துருது. வருசத்துல 30 அங்குலம் பாய்ச்சுனா 30 கிலோ, கிட்டத்தட்ட ஒன்றரை மூட்டை யூரியா. ஏற்கனவே காசு குடுத்துப் போட்டு கிணத்துக்குப் போனதுதான் அது, அதையே திருப்பிப் பாய்ச்சறோம், அந்தளவுக்குப் புதுசாப் போடறதக் கொறைச்சுக்கலாம். அந்த அளவத் தாண்டிருச்சுன்னா குடிக்கறதுக்கு மட்டும் அந்தத் தண்ணி வேண்டாம், கைக்கொழந்தை இருக்கற வீட்ல முக்கியமா. நொய்யல்ல சாயத்தண்ணி, ஒரத்துப்பாளையம் அணை, கோர்ட்டு கேசுன்னு நாம வருசக்கணக்காப் பேசுனோம், பேச வேண்டியதுதான். நம்ம மடைலருந்து போறதுக்குக் கலர் இல்லாததால அதப் பத்தி யாரும் வாயத் தொறக்கறதில்ல, எனக்கு இதுல கொஞ்சம் கோவமே உண்டு.

தொந்தரவே இல்லீன்னு சொல்ல மாட்டேன். தடுப்புக்குப் பின்னாடி தேங்குற தண்ணில கொசு வரும், கசிவு ஓட்டம் இருக்கற வரைக்கும் தவளையும் குஞ்சு மீனும் பாத்துக்கும், ஓட்டம் நின்னு குட்டையாயிருச்சுன்னா தடுப்புல ரெண்டு கல்ல எடுத்து விட்டுருவோம். நண்டு வளை போட்டுக் கரைய ஓட்டையாக்குறது இன்னும் தீரல. தண்ணிப்புல்லு விட்டா அடி வாய்க்காலையே மூடிரும், ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா அறுக்க ஆளு இல்லீன்னா அத வெக்கவே வேண்டாம். எலி இருக்கும், எலி இருந்தா பாம்பும் இருக்கும், புல்லறுக்கப் போறவங்க செருப்பில்லாம எறங்க வேண்டாம். கருப்பு மண்ணுக்காரங்க இதே அளவ அப்புடியே எடுத்துக்காதீங்க. கோடைல அந்த மண்ணு கை நுழையற அளவுக்கு வெடிக்கும், தடுப்போட ஓரத்த இன்னும் ஆழமாப் பொதைக்கோணும், வெடிப்பு வழியாவே தண்ணி பூந்து ஓடிரும்.

செலவு பண்ண முடியாதுங்கறவங்க விழற வாய்க்குப் பைப்பும், சித்திரைச் சுத்தமும் மட்டும் பண்ணுங்க, அதுக்கு ஜேசிபியே வேண்டாம். அடுத்ததா மூலைல வண்டல் குழி, அதுக்கப்புறம் தடுப்பு. திண்ணை கடைசி. தடுப்புக் கட்டறப்ப கீழ் முனைலருந்து ஆரம்பிச்சு மேல ஏறுங்க, கீழ மட்டம் நிக்காம மேல கட்டுனா அடி அரிச்சு ஒவ்வொண்ணா விழுந்துரும். எங்களுக்கு மேல் பக்கத் தோட்டத்துக்காரரு இந்தச் சித்திரைல அவுங்க பொழியில நாலு தடுப்பு போடலாமான்னு கேட்டிருக்காரு. கல்லு எங்க கிணத்து மேட்டுல இன்னும் கொஞ்சம் கெடக்குது, எடுத்துக்கட்டும்.